பெல்ட் படுகிற இடம்

என் மைத்துனனுக்கு அக்கி போட்ட இடமும் லொறி ஓட்டும்போது பெல்ட் படுகிற இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. பெல்ட் இடது தோளிலிருந்து இறங்கி மார்பைக் குறுக்கே கடக்கும். கொப்பளங்கள் இடது அக்குளின் கீழிருந்து கிளம்பி நெஞ்சுக் குழியை நோக்கிப் பட்டையாக வந்தன. இரண்டும் சந்தித்த இடம் ஒரு சாண் இருக்கும். முதுகில் வந்திருக்கலாம், இடுப்பில் வந்திருக்கலாம், வலது பக்கமாவது வந்திருக்கலாம். உடம்பில் வேறு எவ்வளவோ இடம் இருந்தது.

அவன் என் மனைவியின் தம்பி. கல்யாணம் கட்டாதவன். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலுள்ள எங்களுடைய வீட்டின் சிறிய அறை அவனுடையது. பகலெல்லாம் அந்த அறை பூட்டியே கிடக்கும். லா கூர்னெவிலுள்ள ஒரு தமிழ் மொத்த வியாபாரியின் களஞ்சியத்திலிருந்து அரிசி, மா, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் கடைகளுக்கு ஏற்றி இறக்குகிற சாரதி அவன். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் எந்தக் கடையில் சாமான் வாங்கினாலும் அதில் பாதி அவனுடைய லொறியில் வந்ததாக இருக்கும். "லொறியைக் கட்டினவன், அவனுக்கு என்னத்துக்குப் பொம்பிளை?" என்று என் மனைவி சொல்லுவாள். அவன் சிரிப்பான். "அது எதிர்த்துக் கதைக்காது அக்கா" என்பான்.

கனரக வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம், இங்கே பெர்மி, அவனுக்கு இரண்டாயிரத்து ஒன்பதில் கிடைத்தது. எழுத்துப் பரீட்சையில் இரண்டு முறை விழுந்து, மூன்றாம் முறை தேறினான். அந்த ஆண்டு எங்கள் ஆட்கள் யாரும் எதையும் கொண்டாடவில்லை. அவனும் பெர்மியை என்னிடம் காட்டிவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தான். ஆனால் லாச்சப்பல் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தான். பெர்மி கிடைத்தால் ஆண்டுதோறும் தேரன்று வீதியில் உடைக்கிற தேங்காயைத் தானே லொறியில் ஏற்றிவந்து இறக்குவதாக. தேர் வருகிற வீதியில், சந்திக்குச் சந்தி தேங்காயை மலைபோலக் குவித்து வைத்து உடைப்பார்கள். தேங்காய், அவன் வேலை செய்கிற களஞ்சியத்து முதலாளியின் உபயம். ஓட்டம் இவனுடைய நேர்த்தி. நான் பக்கத்தில் ஏறியிருந்து மூட்டை எண்ணுவேன்.

எண்ணுவது என் வியாதி. ஊரில் பட்டம் படித்தவன், இங்கே உணவகமொன்றில் தட்டுக் கழுவினேன். தட்டை எண்ணி எண்ணியே ஆண்டுகள் போயின. ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. படியேறினால் படி, தொடருந்தில் ஏறினால் யன்னல். எண்ணி என்ன செய்யிறீங்கள் என்று மனைவி கேட்பாள். எண்ணிக்கொண்டிருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான்.

அக்கி வந்தபோது அது காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கொப்பளம் காய்ந்தது. தோல் உதிர்ந்தது. நோ மட்டும் போகவில்லை. நரம்பு எரிந்துவிட்டது என்றார் குடும்ப வைத்தியர். சட்டை பட்டால் சுட்டது. மின்விசிறிக் காற்றுப் பட்டாலும் சுட்டது. வேலையால் வந்து சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து இருப்பான். சாய்ந்தால் நோ, படுத்தால் நோ. லொறியில் ஏறும்போது என் பழைய வேட்டியொன்றைக் கிழித்து நாலாக மடித்து, பெல்ட்டுக்கும் மார்புக்கும் இடையில் வைத்துக்கொள்வான். அந்தத் துணியை என் மனைவி ஒவ்வொரு நாளும் துவைத்துக் கொடுத்தாள். புதுத் துணி உரசும் என்று பழையதையே கேட்பான்.

"லண்டனுக்குப் போடா தம்பி" என்றாள் அவள் ஒருநாள். "அங்கை ஸ்ரேரிங் மற்றப் பக்கம். பெல்ட்டும் மற்றப் பக்கத்தால வரும்."

"அங்கை போனா அக்கியும் மற்றப் பக்கம் போகும், அக்கா. என்ர ராசி உனக்குத் தெரியாது."

குளிசைகள் கொடுத்தார்கள். இங்கே மருந்துப் பெட்டியில் காரின் படம் போட்ட சின்ன முக்கோணம் அச்சடித்திருக்கும். மஞ்சள் என்றால் கவனமாக ஓட்டு. செம்மஞ்சள் என்றால் வைத்தியரைக் கேட்காமல் ஓட்டாதே. சிவப்பு என்றால் ஓட்டவே ஓட்டாதே. அவனுடைய குளிசைப் பெட்டிகளில் மஞ்சளும் செம்மஞ்சளும் மாறி மாறி வந்தன. மஞ்சள் ஒன்றும் செய்யவில்லை. செம்மஞ்சள் அவனைப் பகலில் தூங்கவைத்து இரவில் எழுப்பிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு குளிசை தந்த வயிற்றெரிச்சலோடு மறுபடி கட்டில் ஓரத்துக்குப் போனான்.

கடைசியில் பெரிய வைத்தியசாலை ஒன்றில் நோவுக்கென்றே இருக்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். காத்திருக்கும் இடத்தில் பதினான்கு கதிரைகள், ஒன்று உடைந்தது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம் அது. யாருக்கு எங்கே நோகிறது என்று கண்ணைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது.

வைத்தியர் ஒரு பெண், என் மகள் வயதிருக்கும். வேறு எதற்கும் கேட்காத நரம்பு நோவுக்குக் கன்னாபிஸ் எண்ணெயைச் சிலருக்குப் பரீட்சார்த்தமாகக் கொடுக்கிறார்கள் என்றும், இவனையும் சேர்க்கலாம் என்றும் சொன்னார். நான் எண்ணெய் என்று தொடங்கி, செடி என்று சுற்றி, மூலிகை என்று வளைத்து மொழிபெயர்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"கஞ்சாவோ அத்தான்?"

வைத்தியருக்கு அந்தச் சொல் விளங்கிவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் சிரித்தன. "ஆம், கஞ்சா. ஆனால் புகைக்கிறதில்லை. நாக்கின் கீழே துளி" என்றார் பிரெஞ்சில். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

லொறிச் சாரதி என்று நான் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். இந்த மருந்து எடுக்கும்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்றார். இரவில் எடுத்துவிட்டுக் காலையில் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம், இது மதுவைப்போல மறுநாள் போய்விடாது, உடம்பில் கிடக்கும், வீதியில் பொலிஸ் எச்சிலில் சோதித்தால் காட்டும், தலை தெளிவாக இருந்தாலும் காட்டும். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பிறகு, இப்போதும் ஓட்டுகிறீர்களா என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் அவனே தன்னுடைய பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டான். தான் இப்போது ஓட்டுவதில்லை, களஞ்சியத்துக்குள் வேலை என்று.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீ?"

"இப்ப லீவிலதானே நிக்கிறன். ஓடேல்லைத்தானே. பொய்யில்லை அத்தான்."

வீட்டில் என் மனைவி அழுதாள். "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் ஒரு சுருட்டுக்கூடப் பிடிச்சதில்லை" என்றாள்.

"அப்பர் ஆர் அக்கா? பின்வளவில நிண்டு புகை விட்டது பக்கத்து வீட்டுக்காரனோ?"

"அவர் வயசு போன காலத்தில பிடிச்சவர்."

"எனக்கும் வயசு போகுது."

மருந்து பழகும்வரை வீட்டில் நிற்கச் சொல்லி விடுப்பை நீட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு துளியில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். துளியை நான்தான் எண்ணினேன். அவன் கண்ணாடிக்கு முன் வாயைத் திறந்துகொண்டு நிற்க, நான் பக்கத்தில் நின்று எண்ணுவேன். ஏழில் ஒன்றும் நடக்கவில்லை. எட்டு எடுத்த இரவு அவனுடைய அறையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. என் மனைவி கட்டிலில் எழுந்திருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குறட்டைக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன். என்னுடைய குறட்டைக்கு இத்தனை ஆண்டும் திட்டு மட்டும்தான் கிடைத்தது.

விடுப்பு முடிந்தது. அவன் வேலைக்குப் போனான். துளிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்தான். ஆனால் எறியவில்லை.

இங்கே ஒன்றை விளக்கவேண்டும். பெரிய லொறிகளில் சாரதி இருக்கைக்கு மேலே ஒரு சிறு கருவி இருக்கும். காலையில் ஏறியதும் சாரதி தன்னுடைய பெயரிலுள்ள அட்டையை அதற்குள் செருகவேண்டும். எவ்வளவு நேரம் ஓடினான், எவ்வளவு நேரம் ஓய்ந்தான் என்பதை அது பதியும். பொலிஸ் மறித்தால் முதலில் கேட்பது அதைத்தான். என் மைத்துனன் தன் நாட்களை அந்த அட்டையைக்கொண்டே பிரித்து வைத்திருந்தான். அட்டை போடுகிற நாள், போடாத நாள். வெள்ளி மாலை அட்டையைக் கழற்றினால் திங்கள் காலைவரை அவன் சாரதி இல்லை. ஆகவே வெள்ளி இரவும் சனி இரவும் துளி எடுப்பதென்றும், ஞாயிறு இரவு தொடுவதில்லை என்றும் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்.

நான் விடவில்லை. எனக்கு விடத் தெரியாது. சாப்பிடும்போது சொன்னேன், படியில் சந்திக்கும்போது சொன்னேன்.

"டொக்டர் சொன்னது வாரக் கடைசிக் கணக்கில்லை. எடுக்கிறதெண்டா ஓடாதை எண்டவா."

"வெள்ளிக்கிழமை விஸ்கி அடிச்சவன் திங்கள் ஓடுறான். அவனை ஆர் கேக்கிறது?"

"விஸ்கி போயிடும். இது கிடக்கும்."

"கிடக்கட்டும். எனக்குத் தலை தண்ணி மாதிரித் தெளிவாக் கிடக்கு."

"எச்சிலுக்கு உன்ர தலையைத் தெரியாது."

"அத்தான், நீங்கள் தட்டுக் கழுவினனீங்களோ, இல்லை பொலிசில இருந்தனீங்களோ?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் திங்கட்கிழமைகளில் அவன் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு எனக்குத் தேநீர் இறங்காது.

ஒரு நேர்மைக்காக இதையும் எழுதவேண்டும். எனக்கு அதிகம் பயமாக இருந்தது திங்கள் அல்ல, வியாழனும் வெள்ளியும். அதற்குள் அவன் நாலு இரவு நித்திரையில்லாமல் இருந்திருப்பான். கண் உள்ளே போயிருக்கும். லொறி நின்ற நேரத்தையெல்லாம் அந்தக் கருவி ஓய்வு என்று பதிந்துவைத்திருக்கும். அவன் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்திருந்த நேரம் அது. நித்திரை கொள்ளாதவன் ஓட்டக்கூடாது என்று முக்கோணம் அச்சடிக்க எந்தப் பெட்டியும் இல்லை. துளி எடுத்த இவன் ஆபத்தா, எடுக்காத இவன் ஆபத்தா என்று நான் பலமுறை யோசித்தேன். படித்த படிப்பு அதற்கு உதவவில்லை.

கொரோனாவால் நின்றுபோன தேர் மறுபடி வீதிக்கு வந்த ஆண்டு அது. லாச்சப்பல் முழுக்க அதே பேச்சு. முதலாளி வழமையைவிடக் கூடுதலாகத் தேங்காய் இறக்கியிருந்தார். தேரை முன்னிட்டுச் சனிக்கிழமை முழுவதும் என் மைத்துனன் விரதம். பாலும் பழமும் மட்டும். இரவு படுக்கப்போகும்போது அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. மருந்து விரதத்தில் சேராது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மனைவி சீனி வருத்தக் குளிசையை எல்லா விரதத்திலும் விழுங்குவாள். ஆகவே அந்தச் சத்தம் எங்கள் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சனிக்கிழமை அவன் துளி எடுக்கிற நாள்தானே.

ஞாயிறு விடிய நாங்கள் இருவரும் தொடருந்தில் லா கூர்னெவ் போனோம். அவன் வேட்டியும் வெள்ளைச் சட்டையும், நெற்றி நிறையத் திருநீறும். ஞாயிற்றுக்கிழமை பெரிய லொறிகள் ஓடத் தடை உண்டு. அதனால் தேங்காய்க்கு எப்போதும் களஞ்சியத்திலுள்ள சின்ன லொறிதான். சம்பளம் இல்லாத, வியாபாரம் இல்லாத ஓட்டம் என்பதால் அதில் அட்டை போடவும் தேவையில்லை. நாற்பது மூட்டைகள். நான் எண்ணி முடித்து ஏறினேன். அவன் நாலாக மடித்த துணியை மார்பில் வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினான். அன்று முகத்தைச் சுளிக்கவில்லை. நன்றாக நித்திரை கொண்ட முகம்.

நகரத்துக்குள் வரும்வரை வீதி வெறுமையாக இருந்தது. லாச்சப்பலை நெருங்கியதும் தடுப்புகள். ஒளிரும் மேலங்கி போட்ட எங்கள் இளந்தாரிகள் கையைக் காட்டி ஒரு தடுப்பை நகர்த்தி எங்களை உள்ளே விட்டார்கள். சனம் நடைபாதையில் கொள்ளாமல் வீதிக்கு வழிந்திருந்தது. பட்டுச்சேலை, பலூன், தண்ணீர்ப் போத்தல், எங்கோ நாதஸ்வரம். அவன் லொறியை நடக்கிற வேகத்தில் உருட்டினான். நான் வலப்பக்க யன்னலால் தலையை நீட்டி, "பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொன்னேன்.

பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பிள்ளை லொறிக்கு முன்னே ஓடியது.

லொறி நின்றது. பின்னால் ஒரு மூட்டை சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தாய் வந்து கையைப் பிடித்து இழுத்து, பிரெஞ்சில் ஏசிக்கொண்டு கூட்டிப்போனாள். பிள்ளையும் பிரெஞ்சில் எதிர்த்துப் பேசிக்கொண்டு போனது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. நடந்ததென்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் இரண்டு கையாலும் ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எடு தம்பி. போயிட்டுது" என்றேன்.

"அத்தான், நான் கண்டவுடனை பிரேக்கை அமத்தினனானோ?"

"ஓமடா. அதுதானே நிண்டது."

"கண்டவுடனையோ, இல்லாட்டிக் கொஞ்சம் பிந்தியோ?"

எனக்கு விளங்கவில்லை. அவன் தலையைத் தூக்கி மேலே பார்த்தான். அட்டை செருகுகிற இடம் வெறுமையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேற்று எடுத்தனான்" என்றான். "எட்டுத் துளி. இண்டைக்குக் கார்ட் போடாத நாளெண்டு எடுத்தனான். ஓட்டமெண்டு நினைக்கேல்லை. கோயிலுக்குத்தானே எண்டு..."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எத்தனையோ திங்கட்கிழமைகளை எண்ணிப் பயந்த நான், இந்த ஞாயிற்றுக்கிழமையை எண்ணவில்லை. தேங்காய் ஓட்டத்தை நாங்கள் இருவருமே ஓட்டத்தில் சேர்க்கவில்லை. விரதம், நேர்த்தி, தேர் என்றுதான் அந்த நாள் எங்கள் மனதில் இருந்தது.

அவன் இயந்திரத்தை நிறுத்தித் திறப்பைக் கையில் எடுத்தான்.

"என்ன செய்யிறாய்? பின்னால வாகனம் நிக்குது. இன்னும் ஒரு சந்திதான்."

"தெரியேல்லை அத்தான். என்ர கால் பிந்தினதோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. தெரியாமல் எப்பிடி இந்தச் சனத்துக்கை எடுக்கிறது?"

மேலங்கி போட்ட இளந்தாரி ஒருவன் ஓடிவந்தான். "அண்ணை, ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?"

நான் காதுக்குள் சொன்னேன். "நெஞ்சு நோகுதெண்டு சொல்லு. பொய்யில்லைத்தானே. வேற ஒண்டும் சொல்லாதை."

அவன் கதவைத் திறந்து இறங்கினான். "மருந்து எடுத்தனான் தம்பி. நான் இனி லொறியை எடுக்கேலாது. பெர்மி உள்ள ஆள் ஆரும் நிண்டால் கூப்பிடு" என்றான்.

பெர்மி உள்ள ஆள் கிடைக்கவில்லை. முதலாளிதான் வந்தார். பட்டு வேட்டி, வெறும் மேல், கழுத்தில் மாலை. உபயகாரர் கோலம். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம். இவனைவிட மூத்தவர்.

"என்ன மருந்து?"

"ஆசுப்பத்திரி தந்தது அண்ணை. கன்னாபிஸ் எண்ணெய். நோவுக்கு."

சுற்றி நின்றவர்களில் ஒருவர், "கஞ்சாவோ?" என்றார். அந்தச் சொல் பின்னால் நின்றவர்களுக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதலாளி இவனுடைய முழங்கையைப் பிடித்து லொறிக்கு மறைவாக இழுத்தார். நானும் போனேன்.

"ஏனடா இதை எனக்குச் சொன்னனீ? அதுவும் இந்தச் சனத்துக்கை வைச்சு?"

"நீங்கள் கேட்டனீங்கள் அண்ணை."

"கேட்டால்? காய்ச்சல் எண்டு சொல்லு, தலைசுத்து எண்டு சொல்லு. சொல்லாட்டி எனக்குத் தெரியாது. இப்ப சொல்லிப்போட்டாய், இனி எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு நாளைக்கு உன்னட்டை எப்பிடித் திறப்பைத் தாறது? ஒண்டு நடந்தா இன்சூரன்ஸ்காரன் என்னை விடுவானோ?"

"இண்டைக்கு நடக்கப் பாத்தது அண்ணை" என்று மட்டும் சொல்லி, அவன் திறப்பை நீட்டினான். அவர் அதை வாங்கி வைக்க இடமில்லாமல், வேட்டி மடிப்பில் செருகினார்.

லொறி அந்த இடத்திலேயே நின்றது. பக்கத்துக் கடைகளிலிருந்து கைவண்டிகள் கொண்டுவந்தார்கள். இளந்தாரிகள் மூட்டைகளை இறக்க, சனம் வழிவிட்டது. அவனும் ஒரு கைவண்டியை வலக்கையால் இழுத்துக்கொண்டு சந்திக்கும் லொறிக்குமாக நடந்தான். இடது கையை உடம்போடு ஒட்டாமல், சிறகுபோலச் சற்று விரித்து வைத்திருந்தான். நான் சந்தியில் நின்று எண்ணினேன். நாற்பதும் வந்து சேர்ந்தன. அவனுடைய நேர்த்தி அந்த ஆண்டு அப்படி நிறைவேறியது. தேர் வந்தபோது அவன் கும்பிட்டுக்கொண்டு நின்றான். தேங்காய்த் தண்ணீர் எங்கள் காலடியால் ஓடியது.

அடுத்த வாரம் ரூ து ஃபொபூர் சேன்-தெனியிலுள்ள தேநீர்க்கடைக்குப் போனேன். "அண்ணை, உங்கட மச்சான் லொறியில என்ன ஏத்துறவர்?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் வைத்தியசாலை, நரம்பு, துளி என்று விளக்கத் தொடங்கினேன். விளக்கம் நீள நீள அவர்களுக்குச் சிரிப்புக் கூடியது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. தொழிலாளர்களைப் பார்க்கிற வைத்தியரிடம் இவனை அனுப்பினார். அந்த வைத்தியர் சொன்னதிலும் புதிதாக ஒன்றும் இல்லை. துளியை நிறுத்து, உடம்பிலிருந்து போனதைச் சோதித்துக் காட்டு, ஸ்ரேரிங்கைத் தொடலாம். நிறுத்தாவிட்டால் தொடமுடியாது. முதலாளியும் அதையே தமிழில் சொன்னார். நிறுத்தினால் லொறி உன்னுடையது, இல்லாவிட்டால் சாமான் இறக்குகிற உதவியாளாக வா, சம்பளம் குறையும், வேலை இருக்கும்.

வீட்டில் நாங்கள் மூவரும் சமையலறை மேசையைச் சுற்றி இருந்தோம். என் மனைவி அவனைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நிறுத்து என்றுதான் சொல்லுவேன் என்று அவன் எதிர்பார்த்திருக்கவேண்டும். ஓராண்டுக்கு மேலாக நான் சொன்னதெல்லாம் அதுதானே. ஆனால் கேட்கிற நேரம் வந்தபோது எனக்கு அவன் கட்டில் ஓரத்தில் இருக்கிற கோலம்தான் கண்ணுக்குள் வந்தது. நானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

அவனே சொன்னான். "ஓடுறதுக்கு நித்திரை வேணும். நித்திரைக்கு எண்ணெய் வேணும். எண்ணெய் எடுத்தா ஓடேலாது. எங்கையாவது ஓரிடத்தில வெட்டத்தானே வேணும் அக்கா."

"ஓட்டத்தை விட்டுட்டு என்னடா செய்வாய்?"

"நித்திரை கொள்ளுவன்."

அவள் கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

பெர்மியை யாரும் பறிக்கவில்லை. அது இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பொலிசும் மறிக்கவில்லை, எச்சிலும் கேட்கவில்லை. ஒருவரும் கேட்காமலே திறப்பைக் கொடுத்துவிட்டான். அதை நான் யாருக்காவது சொன்னால், அப்படியென்றால் ஏன் கொடுத்தான் என்றுதான் கேட்கிறார்கள். வைத்தியசாலையில் அவன் முதலில் சொன்ன பொய் இப்போது உண்மையாகிவிட்டது. அடுத்த முறை போனபோது வைத்தியர், களஞ்சிய வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நல்லாப் போகிறது என்றான். நான் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

இப்போது எல்லா இரவும் துளி எடுக்கிறான். நோ முழுதாகப் போகவில்லை, ஆனால் நித்திரை வருகிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய அறைக் கதவு திறந்திருக்கும். அந்த அறைக்கு ஒரு யன்னல் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

சென்ற மாதம் முழங்கால் வைத்தியரைப் பார்க்க லா கூர்னெவ் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது களஞ்சியத்தில் லொறி புறப்பட நின்றது. "ஏறுங்கோ அத்தான், லாச்சப்பலுக்குத்தான்" என்றான். முன்னால் மூன்று பேர் இருக்கலாம். புதிய சாரதி ஸ்ரேரிங்கில், நான் நடுவில், என் மைத்துனன் வலப்பக்க யன்னலோரம். அந்த இருக்கையில் பெல்ட் வலது தோளால் வந்து இடுப்புக்கு இறங்குகிறது. அக்கி இருந்த இடத்தைத் தொடவே இல்லை. ஆனாலும் சட்டைக்குள்ளே இடது மார்பில் துணி மடிப்புத் தெரிந்தது.

"பெல்ட் இப்ப மற்றப் பக்கமெல்லோ. துணி என்னத்துக்கு?"

"லண்டனுக்குப் போகாமலே பெல்ட் மாறிப்போச்சு" என்று சிரித்தான். "துணி கிடக்கட்டும் அத்தான். அக்கா தோய்ச்சுத் தாறா. வேண்டாமெண்டா அவவுக்குக் கவலை."

புதிய சாரதி நன்றாகத்தான் ஓட்டினான். முதலாவது சமிக்ஞை விளக்கில் சிவப்பு விழுந்தது. லொறி நின்றது. நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். என் மைத்துனனின் வலது கால், பிரேக் இல்லாத அந்த இடத்தில், தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.

பிறகு நான் வீதியைப் பார்க்கவில்லை. இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாரதியின் கால், இவனுடைய கால். அடுத்த விளக்கிலும், பேருந்து ஒன்று குறுக்கே திரும்பியபோதும், ஒரு பெண் தள்ளுவண்டியோடு வீதியில் இறங்கியபோதும், இவனுடைய கால்தான் முதலில் அழுத்தியது. ஒவ்வொரு முறையும். லாச்சப்பல் வரும்வரை பதினொரு தடவை எண்ணினேன். முந்திய இரவும் துளி எடுத்தவனுடைய கால், ஒன்றில்கூடப் பிந்தவில்லை.

"என்ன அத்தான் கீழ பாக்கிறீங்கள்? ஏதும் விழுந்திட்டுதோ?"

சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, இல்லை இன்னும் கொடுமையாக இருந்திருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"முழங்கால் நோகுது" என்றேன்.

"இறங்கேக்கை பாத்து இறங்குங்கோ" என்று சொல்லி, பெல்ட்டைக் கழற்றி, எனக்கு முன் இறங்கி, கையை நீட்டினான்.